த்ரீ பெல்ஸ் பீர் பாட்டிலிலிருந்து என் பெயரை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இ. தம்மபாலன் (வயது 78),
ஓய்வுபெற்ற அஸேயர்,
சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
கலால் துணை ஆணையர் அவர்கள்,
மாவட்டக் கலால் அலுவலகம்,
கோலார்.

பொருள்: ‘த்ரீ பெல்ஸ்’ பீரின் லேபிளில் அச்சாகியுள்ள என் பெயரையும் வாக்கியத்தையும் நீக்குதல், அந்தப் பீர் காய்ச்சப்படும் இடத்தை முன்பக்கத்திலேயே தெளிவாக அச்சிடச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனு தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இல்லையென்றால் உரியவருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். அதை நானே செய்தேன். என் தயக்கங்கள் சில அதில் விடுபட்டிருக்கலாம்.

1. நான் தங்கச் சுரங்கத்தின் அஸே ஆபீசில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். கீழேயிருந்து வரும் பாறைத் தூளை உருக்கி, டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு மூசைகளில் தனித்தனியே உருக்குவோம். இரண்டும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஆட்கள் எந்தப் பக்கம் வெட்டுவது என்று முடிவாகும். ஆகவே இந்த ஊரில் என் கையெழுத்துக்கு, எனக்கே கூச்சம் தரும் அளவுக்கு, ஒரு மதிப்பு இருந்துவந்தது.

2. எங்களுடையது பௌத்தக் குடும்பம். மதுவைத் தவிர்க்கச் சொல்லும் சீலத்தைச் சனிக்கிழமை பிற்பகல்களில் நான் மீறுகிறேன் என்பதை மறைக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் கிருஷ்ணம்மா அவர்கள் நடத்தும் பாரில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டிய ஆஸ்டினும், சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்த மரியகுழந்தையும், நானும் ஒரே மேசையில் அமர்வது பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

3. சென்ற ஆண்டு அங்கே ‘த்ரீ பெல்ஸ்’ வந்தது. சுரங்கத்தில் இறங்கும் கூண்டான கேஜில் ஆட்கள் ஏறும்போது மூன்று முறை மணி அடிப்பது எங்கள் வழக்கம். பெயர் அதிலிருந்து எடுத்தது. லேபிளில், கேஜ் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் வரைந்திருந்தது. கீழே, ‘சிறு கலங்களில், சுரங்கக் குடும்பங்களின் கைப்பக்குவம்’ என்று எழுதியிருந்தது. முதல் மடக்கு குடித்தபோது எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் புகார் விளங்காது.

மாதிரி எடுக்க மாதம் இருமுறை நான் கீழே இறங்குவேன். வெக்கையில் நின்று நின்று, திரும்ப ஷாஃப்டின் அருகே வரும்போது மேலிருந்து ஒரு காற்று இறங்கும். ஈரப் பாறையும் துருவும் எங்கோ பெய்த மழையும் கலந்த வாசனை. கண்ணை மூடிக்கொள்வோம். அந்தக் காற்று அன்று பாரில், பிற்பகல் வெயிலில், என் முகத்தில் வந்து பட்டது. மேசை மெல்லக் கீழே இறங்குவதுபோல் இருந்தது. பச்சைக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம், சுரங்கத்தின் தளங்களைப்போல் லெவல் லெவலாகக் கடந்து போயிற்று. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடிய சுரங்கம் ஓசையில்லாமல் திறந்துகொண்டது.

4. அந்த நேரத்தில்தான் கம்பெனியைச் சேர்ந்த ஷில்பா என்ற பெண், குடிப்பவர்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். மிகவும் மரியாதையான பெண். “தாத்தா, டேஸ்ட் எப்படி இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்றார். “இது எங்க ஆளுங்க கை” என்றேன். பெயரும் பழைய வேலையும் கேட்டார்; சொன்னேன். நான் சொன்னதை எழுதிய ஒரு தாளை நீட்டினார், கையெழுத்திட்டேன். ஒரே ஒரு மாதிரி. இரண்டாவது மூசை இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கவும் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் செய்யாத பிழை அது.

5. மூன்று மாதம் கழித்து வந்த பாட்டில்களில், கோபுரத்தின் கீழே, “இது எங்கள் ஆட்களின் கை – இ. தம்மபாலன், ஓய்வுபெற்ற அஸேயர், கே.ஜி.எஃப்.” என்று இருந்தது. நான் வெட்கப்பட்டேன். சற்று மகிழ்ந்தேன் என்பதும் உண்மை. அஸே ஆபீஸ் சீட்டு ஒட்டிய சரக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெளியில் குடிக்கும் பழக்கத்தையே விட்டிருந்த சிலர் அதற்காகப் பாருக்கு வந்தார்கள்.

6. கடந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பாரில், பெங்களூருக்குத் தினம் ரயிலில் வேலைக்குப் போய்வரும் சுனில், பின்பக்கத்துச் சிறு எழுத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினார். ஹெரான் ஹில் புரூவரீஸ் என்ற பெரிய நிறுவனம், வேறொரு மாவட்டத்தில் உள்ள தன் ஆலையில் காய்ச்சுவது என்று இருந்தது. அதே ஆலையில்தான் அவர்களுடைய சாதாரண பீரும் தயாராகிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட அங்கே வேலை செய்வதாகத் தெரியவில்லை. நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

7. சுனில் அதைக் காட்டிய அன்று பாரில் எழுந்த கருத்துகளைக் குறித்துவைத்தேன். ஆஸ்டின்: “எவன் காய்ச்சினா இன்னா சார்? பெரிய கம்பெனின்னா வயித்துக்காவது ஒண்ணும் ஆவாது.” சுனில்: “ஆபீஸ்ல எல்லாருக்கும் எங்க ஊரு பீர்னு நானே வாங்கிக் குடுத்தேன் சார். திங்கட்கிழமை எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?” கிருஷ்ணம்மா: “படம் நல்லாக் கீது, ஓடுது. நீங்க ஏன் சார் அத்தப் போயி படிச்சிக்கினு?” மரியகுழந்தை கடைசியாகப் பேசினார். “பீரு எங்க காய்ச்சினா எனக்கு இன்னாண்ணே? உன் சீட்ட நம்பிதான் நான் இருவது வருசம் பாறைக்கடியில நின்னேன். அதுலயும் இப்படித்தான் கையெழுத்து போட்டியா?” என்று கேட்டுவிட்டு, கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

8. பிழையைத் திருத்தும் முறை எனக்கு ஒன்றுதான் தெரியும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கிருஷ்ணம்மாவின் அனுமதியுடன், பதினொரு பேருக்கு எண் மட்டும் எழுதிய மூன்று கோப்பைகள் வைத்தேன். இரண்டில் த்ரீ பெல்ஸ், ஒன்றில் அதே ஆலையின் சாதாரண பீர். எதில் எது என்று எனக்கும் தெரியாதபடி கிருஷ்ணம்மாவே ஊற்றி, ஒரு தாளில் குறித்து மடித்துவைத்தார். மரியகுழந்தைக்குச் சொல்லியனுப்பினேன்; வரவில்லை. ஏழு பேர் சாதாரண பீரைத்தான் ‘நம்ம ஊரு சரக்கு’ என்றார்கள். நானும் குடித்தேன். முதல் இரண்டு கோப்பைகளில் கசப்பு மட்டுமே இருந்தது. மூன்றாவதில் அந்தக் காற்று வந்தது. அதே ஈரப் பாறை, அதே மழை. வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு தாளைப் பார்த்தேன். அது சாதாரண பீர்.

9. இதிலிருந்து நான் வந்த முடிவைத் தாங்கள் ஏற்கலாம், தள்ளலாம். அந்தக் காற்று பாட்டிலுக்குள் இல்லை. அது என்னிடம் இருந்தது. இந்த ஊரில் கீழே இறங்கி ஏறிய எல்லாரிடமும் இருக்கிறது. பீர் நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனம் காய்ச்சுவது குற்றம் என்றும் சொல்லவில்லை. தம்மிடம் இல்லாத ஒன்றை, என் கையெழுத்தைக் காட்டி அந்த நிறுவனத்தார் விற்கிறார்கள் என்பதே என் புகார். அதற்கு இடம் கொடுத்தவன் நான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே, என் பெயரும் வாக்கியமும் இனி அச்சிடப்படாதிருக்கவும், கடைகளில் உள்ள பாட்டில்களில் அவை மறைக்கப்படவும், காய்ச்சும் இடம் முன்பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வரவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் இட்ட கையெழுத்து சட்டப்படி செல்லும், நீக்க இயலாது என்றால், அதன் கீழேயே ‘இப்படிச் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார்’ என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதிக்கிறேன்.

விரைவு வேண்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. மரியகுழந்தைக்குப் பாறைத் தூசியால் வந்த நெஞ்சு நோய். இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அஸே ஆபீசில் நான் இட்ட ஒவ்வொரு கையெழுத்தும் சரியானது என்று அவரிடம் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் இனி நம்பமாட்டார். தங்கள் ஆணையின் நகல் ஒன்று கிடைத்தால், தவறிய ஒரே கையெழுத்தை நான் திருத்தியதற்குச் சான்றாக அதை அவர் கண்முன் பிடித்துக் காட்டுவேன். மருத்துவர் டிசம்பர் வரை என்கிறார்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
இ. தம்மபாலன்
(கையொப்பம்)

இடம்: சாம்பியன் ரீஃப்ஸ்
நாள்: 02.11.2025

இணைப்பு: லேபிள் (முன், பின்), நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் இரண்டு, பதினொருவர் கையொப்பமிட்ட சோதனைத் தாள், கன்னட மொழிபெயர்ப்பு.