கோட்டை வாசலில் ஒரு ஆள்

முத்துச்செல்வி,

இப்போதெல்லாம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சொன்னால்தான் நம்புதுகள்.

நேற்று நீ குளிக்கப் போனபோது உன் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கோட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். எதிரி வந்தான், அபாய மணி அடித்துச் சனத்தை உள்ளே அனுப்பினேன். அவன் போனபிறகும் வெளியே விடவில்லை. ஐந்தருவியில் காவல் நின்றவன் நான், வெள்ளம் வடிந்தாலும் ஒரு மணி நேரம் யாரையும் குளிக்க விடமாட்டேன். வயலில் கதிர் அறுக்க ஆளில்லாமல் கோட்டையே பட்டினி என்று கத்தினாய். ஒருத்தனும் சாகலையேட்டி.

கூட்டாஞ்சோறு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் நீயும் பட்டினி கிடக்காதே.

மறந்துவிட்டேன்: உனக்காக அபாய மணியை நிறுத்திவிட்டேன், சனம் வயலுக்குப் போகுது. படைக்கும் ஓய்வு போட்டாச்சு. என் பேர் வைத்திருக்கிறாயே, அந்தத் தலைவனை மட்டும் வாசலில் காவல் நிறுத்தியிருக்கிறேன். எதிரி போய்விட்டான் என்று கம்ப்யூட்டர் சொன்னாலும் எனக்கு நம்பிக்கையில்லை. மேலகரம் போய் வருகிறேன்.

அப்பா