வத்தேகம நுரையீரல்

ஜூன் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குண்டசாலை பஸ்ஸில் நின்றபடியே மிருக நோய் ஆய்வுகூடத்துக்கு, வேலைக்கு. யாரோ என் நல்ல குடையை எடுத்துக்கொண்டு தங்கள் ஓட்டைக் குடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வத்தேகமவிலிருந்து லோகநாதன் என்ற பன்றிக்காரர். ஐஸ்கிரீம் டப்பாவில் நுரையீரல். இரண்டு நாளில் நாலு பன்றி செத்ததாம், மூக்கில் இரத்த நுரையோடு.

பெரிய டொக்டர் (இனி பெ.டொ.) எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், போய்விட்டார். பன்றி நோய்களில் வெளிநாட்டுப் பட்டம். அந்த நாட்டுப் பன்றிகள் மணக்குமாக்கும்.

மதியம் கிருமி வளர்க்க இரத்தத் தட்டு ஊற்றினேன். கொதித்த அகார் கூழ் நன்றாக ஆறியபின்தான் ஆட்டு இரத்தம் சேர்க்க வேண்டும். புது டொக்டர் தர்ஷினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெப்பமானியோடு ஓடிவந்தாள். நான் குடுவையை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன், ஊற்றினேன். இருபத்திரண்டு வருட மணிக்கட்டு. இவளானால் வெப்பமானி இல்லாமல் தேநீர்கூடக் குடிக்கமாட்டாள்.

ஜூன் 11, வியாழன்

மழை இல்லை. பிரிட்ஜில் என் தயிரைக் காணோம். படித்தவர்கள் வேலை செய்யும் இடம்.

கிருமி வளர்ந்துவிட்டது. சந்தேகம் இரண்டு உறவுக்காரர்கள்மேல். ஒன்று சூயிஸ், கொஞ்சம் அடக்கமானது. மற்றது புளூரோ, பட்டியையே காலி செய்யும். பிழைத்த பன்றியும் அதைத் தொண்டையில் வைத்திருந்து மற்றதற்குக் கொடுக்கும். பிரித்தறிவது சுலபம். புளூரோவுக்கு வேண்டிய சத்து ஒன்று இரத்தத் தட்டில் அதற்குக் கிடைக்காது. நடுவில் வேறொரு கிருமியைக் கோடாக இழுத்துவிட்டால், அது விடும் சத்தைத் தின்று, கோட்டை ஒட்டி மட்டும் பொட்டுப் பொட்டாக வளரும். பெ.டொ. மாதிரி. பக்கத்தில் நான் நின்றால்தான் அவர் அறிக்கையில் ஒரு வரி நகரும்.

இதுவோ தட்டு முழுக்க. ஆகவே சூயிஸ். உறுதிப்படுத்தும் சோதனைக்கு மருந்து தீர்ந்து ஒரு மாதம். எனக்குத் தேவையும் இல்லை.

தர்ஷினி: "அக்கா, தட்டு கொஞ்சம் கறுத்துக் கிடக்கெல்லே. திரும்ப ஒருக்கா போட்டுப் பாப்பமே?"

"கண்ணாடிய மாத்துங்க டொக்டர்" என்றேன். முகம் சுண்டிப்போனது. பரவாயில்லை.

ஜூன் 12, வெள்ளி

வாங்க: பல்பு, கொத்தமல்லி, குடை.

பெ.டொ. அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்து, கண் கிரிக்கெட்டில். லோகநாதனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நானே சொன்னேன்.

"ஆண் பன்னி ஒன்னு தேறிருச்சுங்க மேடம். பன்விலயில தங்கச்சி சினைக்கு விடக் கேட்டுக்கிட்டே இருக்கு. அனுப்பலாங்களா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஆண் பன்றிதான் பட்டி பட்டியாகப் போய்வரும், லொறியில், மாப்பிள்ளை மாதிரி.

"தாராளமா அனுப்புங்க."

கும்பிட்டார். கும்பிடு எனக்குப் பிடிக்காது என்று எழுத வந்தேன். பிடிக்கும்.

ஜூன் 17, புதன்

தர்ஷினி யாரையும் கேட்காமல் திரும்பப் போட்டிருக்கிறாள். வெப்பமானி வைத்து ஆறவிட்ட தட்டு. கோட்டை ஒட்டி மட்டும் பொட்டுகள், வேறெங்கும் ஒன்றுமில்லை. புளூரோ.

நான் ஊற்றியது சூடு ஆறாத கூழ். சூட்டில் இரத்தம் உடைந்து அந்தச் சத்து தட்டெங்கும் கலந்திருக்கிறது, அதனால்தான் தட்டு கறுத்தது, கிருமி எங்கும் வளர்ந்தது. பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் வாரம் சொல்லும் பாடம். சொல்பவள் நான்.

தர்ஷினி தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம்.

பெ.டொ. சிங்களத்தில்: இரத்தம் பழுது என்று எழுதிவிடு, யார் கேட்கப்போகிறார்கள். எழுதவில்லை. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

லோகநாதனுக்குத் தொலைபேசி. அறிக்கை பிழை, பன்றியை அனுப்பவேண்டாம் என்றேன். ஆண் பன்றி சனிக்கிழமையே போய்விட்டதாம்.

ஜூன் 18, வியாழன்

லீவு. பன்வில பஸ். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைத் தாண்டித்தான் போனது, எட்டிப் பார்க்கவில்லை.

லோகநாதனின் தங்கை பெயர் செல்வி. கொழுந்து எடுக்கிற வேலை, அதற்குமேல் ஆறு பன்றி. இரண்டு செத்துவிட்டன. ஒன்று நாய் மாதிரிக் குந்தியிருந்து மூச்சுக்குத் திணறுகிறது. மற்றவற்றைத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன், எதையும் வெளியே விடக்கூடாது, நாளைக்கு மிருக வைத்தியர் வருவார் என்றேன். ஆய்வுகூடத்து ஆள் என்பதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டாள். நுனியில் உட்கார்ந்தேன்.

"அண்ணனுக்கு ரிப்போட்டு சொன்ன மேடம் நம்ம தோட்டத்து ஆளுங்களாம், பேச்சுலயே தெரிஞ்சிச்சாம். அதுக்கு ஒரே பெருமை. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் பன்னிய வாங்கிக்கிட்டேன். பாவம், யாரோ அவங்களுக்குத் தப்பா எழுதிக் குடுத்திருக்காங்க. என் மனசுல ஒண்ணுமில்லன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன்.