பேசினால்தான் தெரியும் உனக்கு

இன்று காலை கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் டர்பன்டைன் டப்பாவைத் திறந்தார். வாசனை வாசலைத் தாண்டி அடுப்படி வரை வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கு வழியாகப் போன அது மூளைக்குள் எந்தக் கதவைத் தட்டியதோ, நான் விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறையில் உன் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். சூளையில் வெந்து வரும் பீங்கான் பொம்மைகளின் சேலைக்கு நான் நிறம் கொடுப்பேன்; நீ கண் எழுதுவாய். உன் கை பட்டதும் பொம்மை நம்மைப் பார்க்கத் தொடங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நம் ஊர்ப் பாலக்கரையில் எதிரே வந்தாய். தலை நிறையப் பூவும் புதுப்புடவையுமாக நின்று நான் சிரித்தேன். என்னைப் பார்த்தாய். யாரோ ஒருத்தியைக் கடப்பதுபோலக் கடந்து போனாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அழுதாய்.

"உன் மொகம் எனக்குத் தெரியலடி செல்வி. பேசினாதான் நீன்னு தெரியுது."

"தெனமும் பாக்குற மொகம். என்னடி கதை விடுற?"

"கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது. யாருன்னுதான் தெரியல. எங்கம்மாவே கடைத்தெருவுல எதிர்ல வந்தா எனக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாத, சத்தியம் பண்ணு. பைத்தியம்னு சொல்லிடுவாங்க."

சத்தியம் செய்தேன். கோபம் போய் ஆச்சரியம் வந்தது. முதலாளியைச் சாவிக்கொத்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பாய். என்னைச் செருப்புத் தேயும் சத்தத்தில். நீ சொல்லச் சொல்ல, நானும் கண்ணை மூடி என் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். மூக்குத்தி மட்டும் மின்னும், மற்றதெல்லாம் புகையாகக் கலையும். இத்தனை முகங்களும் நமக்குள் எங்கேதான் இருக்கின்றன என்று தூரிகை காய்ந்துபோகும் வரை பேசுவோம்.

"உள்ள ஒரு ஆளு உக்காந்து பேரு சொல்லிக்கிட்டே இருப்பாரு போல. எனக்கு மட்டும் அவரு லீவு" என்று சிரித்தாய்.

பெண்ணாடத்து மாப்பிள்ளை வந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் அந்தச் சிரிப்பு நின்றது. பஸ் ஸ்டாண்டில் அவரும் அவர் அம்மாவும் நின்றிருக்கிறார்கள். நீ கண்டுகொள்ளாமல் நடந்திருக்கிறாய். பெண்ணுக்குத் திமிர், வேண்டாம் என்று தகவல் வந்தது. உனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவர் குரலை. சத்தியத்தை மீறி நான் பெண்ணாடத்துக்கு பஸ் ஏறினேன். சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வெளியே வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, ஜன்னலோரம் கடந்துபோன கரும்பு வண்டிகளைப் பார்த்தபடி அழுதுகொண்டே திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறை வாசலில் வந்து நின்றார். பொம்மை வாங்க வந்தவர் என்று நினைத்து நீ நிமிர்ந்தாய்.

"நான்தாங்க. பெண்ணாடத்துலேருந்து வந்திருக்கேன்."

உன் தூரிகை வழுக்கி, எழுதிக்கொண்டிருந்த பொம்மைக்கு ஒரு கண் பெரிதாகிப் போனது. என் பக்கம் திரும்பி, "சொல்லிட்டியா?" என்றாய்.

"சொல்லிட்டேன்."

நீ கோபிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாய்.

கல்யாணமாகி ஐந்து வருடம், தெருமுனையிலேயே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடிதான் அவர் வீட்டுக்கு வருவார். பிறகு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. என்னிடம் உன் போட்டோ ஒன்றுகூட இல்லை.

சில நாள் மத்தியானத் தூக்கத்தில் வருகிறாய். பக்கத்தில் வந்து உட்காருகிறாய், பேசுவதில்லை. உன் முகத்தை உற்றுப் பார்க்கிறேன், பிடிபடுவதில்லை. ஆனாலும் நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. விழித்ததும், அது எப்படியடி என்று உன்னிடம்தான் கேட்கத் தோன்றுகிறது.