தொடைக்குத் தெரியாத சூடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வாடைக்காற்று. கோட்டைக்குப்பத்துப் படகு ஒன்றுகூட இறங்கவில்லை. நைனா வீட்டில்தான், வலையை விரித்துப் போட்டுக்கொண்டு.

மெயில் வந்துவிட்டது! சென்னையில் கேம் செய்யும் அந்தக் கம்பெனி. மூன்று மாதமாக என் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன், இன்றுதான் பதில். ரேகா என்று ஒரு மேடம், டீம் லீடர். டெஸ்ட் கொடுத்திருக்கிறார்.

கேட்டது:
– அந்தி நேரம், கழிமுகம், ஒரு படகு. விளையாடுகிறவன் ஏறி எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.
– தண்ணீர் நிஜத் தண்ணீர்போல.
– நொடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படம். குறையக் கூடாது. என் கணினியிலேயே பத்து நிமிடம் ஓட்டி, மூலையில் அந்த எண் தெரிய வீடியோ.
– திங்கள் மாலை ஆறு மணிக்குள்.

மூன்று வருடமாக எல்லாரும் ‘எப்படி இருக்க’ என்றுதான் கேட்கிறார்கள். ‘செய்து காட்டு’ என்று ஒருவர் கேட்டது இன்றுதான். என் மனைவி தேவியிடம் (இனி தே.) சொன்னேன். நண்டு கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு, மெயிலை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பழைய காட்சி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் 61, 60, 62. பிறகு 44. பிறகு 19. படகு நொண்டி நொண்டிப் போகிறது. லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல்.

இது தெரிந்ததுதான். வாங்கும்போதே முரளி சொன்னான். பழவேற்காட்டில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறானே, அவன். “மச்சி, இது பிஸ்கட்டு மாதிரி கீது. உள்ள காத்து போவ எடமே இல்ல. சூடாச்சினா தன்னால வேகத்த கொறச்சிக்கும். கிராபிக்ஸு வேலைக்கி தடி மெஷின்தான் செட்டாவும்.”

தடி மெஷினை நான் எங்கே வைப்பது? முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டு, முதுகு எஞ்சின்மேல் விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் அரை மணி நேரம், அதற்கு மேல் உட்கார்ந்தால் புண். போன வருடம் அந்தப் புண் ஆற நாலு மாதம். கட்டிலில் சாய்ந்து, தொடைமேல் வைத்துத்தான் வேலை. ஒன்றேகால் கிலோ என்றால் முடியும். சார்ஜரோடு நாலு கிலோ, கரண்ட் போனால் அரை மணியில் அணைந்துவிடும் என்றால்?

படுத்திருப்பவனுக்குச் சரியானது வேலைக்குச் சரியில்லை. வேலைக்குச் சரியானது படுத்திருப்பவனுக்கு ஆகாது.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

படகு முடிந்தது. தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்ளலாம். அலை மடிகிற இடத்தில் வெளிச்சம் உடைகிறது. வானம் முழுக்க அதில் தெரிகிறது. ஆனால் அந்தத் தண்ணீர்தான் மெஷினைக் கொல்கிறது. எட்டாவது நிமிடம் 17.

செய்து பார்த்தவை: திரை வெளிச்சத்தைக் குறைத்தேன், பயனில்லை. டேபிள் ஃபேன் நேராக, 22. ஈரத்துணி, 24. நைனா மீன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். 41 வரை போனது! கீபோர்டு ஓரமெல்லாம் வியர்த்து முத்து முத்தாகத் தண்ணீர். பயந்து எடுக்கச் சொன்னேன்.

“மீனு கெடாம இருக்கும், மெஷினு கெட்டுப்பூடுமா?” என்றார் நைனா. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம்.

மதியம் ஒன்று கண்டுபிடித்தேன். தொடைக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் தே. ஒரு பலகை வைத்திருப்பாள். அது அடியிலிருக்கும் காற்று ஓட்டைகளை அடைக்கிறது. பலகையை எடுத்துவிட்டு, இரண்டு தொடையையும் விலக்கி, விளிம்பு மட்டும் படும்படி நேராக வைத்தேன். நடுவில் காற்று. 38, விழாமல் அரை மணி நேரம். மாலை வரை அப்படியே.

தே.விடம் சொல்லவில்லை. வரும் சத்தம் கேட்டதும் பலகையைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது.

காலையில் உடம்பு துடைக்க வந்த தே. போர்வையை விலக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாயா இது?”

வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். உடைந்து, தோல் சுருண்டு கிடக்கிறது. இடதில் இன்னொன்று, நீளமாக, லேப்டாப் விளிம்பு கோடு போட்டதுபோல. நான் குனிந்து பார்த்தேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. வலி இல்லை. வலி இருந்தால் நேற்று மதியமே எடுத்திருப்பேனே.

“பலகை எங்கய்யா போச்சு?”

சொன்னேன். ஆட்டோ கூப்பிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கட்டுப்போட்டார். “தம்பி, உங்க காலு உங்களுக்கு சொல்லாது. கண்ணாலதான் பாக்கணும். இது மேலாப்புல இல்ல, உள்ள போயிருக்கு. வலதுல கறுப்பாச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரி. சாஞ்சு உக்காந்தா மடிப்புல புண்ணு இழுக்கும். இனிமே வயித்துக்கும் முட்டிக்கும் தலகாணி வெச்சி, தொடை எதுலயும் படாம குப்புறத்தான் படுக்கணும். காலு மேல ஒண்ணும் வெக்கக் கூடாது. ஒண்ணும்னா ஒண்ணும்.”

தே. இன்று வேலைக்குப் போகவில்லை. லேப்டாப்பை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டாள். எனக்கு எட்டவே எட்டாத இடம்.

நவம்பர் 7, வெள்ளி

குப்புற. தலையணையில் தாடை. தரையில் எறும்பு வரிசை. பென்சிலால் எழுதுகிறேன், கோணல்.

கேட்டேன், தரவில்லை. கெஞ்சினேன், தரவில்லை. பிறகு கத்தினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். “நீ பாத்துக்கிறேன்னு சொல்லிக் கட்டிப் போட்டு வெச்சிருக்க. நான் இப்படியே கெடக்கணும்னுதான உனக்கு?” என்றேன்.

நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

தே. என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், முகத்துக்கு நேராக. விரலெல்லாம் நண்டு ஓடு கீறிய கோடு. “உன் தோலு உனக்குத் தெரியாதுயா. எனக்குத் தெரியும். மூணு வருஷமா காலைல சாயந்திரம் நான்தான் பாக்குறேன். நேத்து அது எனக்கு எரிஞ்சிதுயா.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குக்கூட நேரம் பிடித்தது.

இன்னும் மூன்று நாள். விட்டுவிடலாம். மெயில் போட்டுவிடலாம், முடியவில்லை என்று. மூளையும் கையும் மட்டும் மிச்சம் என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு ஃபேன் காற்றை நம்பித் தொங்குகிறது. இப்படி எத்தனை வருடம்? முப்பதா? நாற்பதா? இதற்கு மேல் இன்று எழுத மாட்டேன்.

நவம்பர் 8, சனி

தே. முரளிக்கு போன் செய்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பத்து மணிக்கு வந்தான், தோளில் அவனுடைய தடி மெஷின். மீன் கிரேட்டைக் கவிழ்த்துக் கட்டில் தலைமாட்டில் வைத்து, அதன்மேல் வைத்தான். நான் குப்புறப் படுத்தபடி இரண்டு கையையும் நீட்டி.

என் காட்சியை அதில் ஏற்றி ஓட்டினேன். 94. பத்தாவது நிமிடமும் 93. ஃபேன் இரைச்சல் எஞ்சின்போல, சூட்டையெல்லாம் பின்பக்கம் துப்புகிறது. என் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். தே. எட்டிப் பார்த்து, “ஏரியேதான்” என்றாள். நேற்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

முழங்கையில் ஊன்றி இருபது நிமிடம். தோள் கடுத்தது. இறக்கி, தேய்த்து, மறுபடி இருபது நிமிடம்.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. முப்பத்தொரு நிமிடத்தில் மெஷின் அணைந்தது. நாலரை மணி வரை கரண்ட் இல்லை. வந்தபோது முரளியும் வந்துவிட்டான்.

“மச்சி, நாளைக்கி திருப்பாலைவனத்துல கல்யாணம். இதுலதான் எடிட்டு. மன்னிச்சிக்கடா.”

அவன்மேல் என்ன தப்பு? எடுத்துப் போனான். வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அது என் கணினி இல்லை, பொய்.

காலி கிரேட் முன்னால்.

நவம்பர் 9, ஞாயிறு

மூடாக்கு. காற்று இல்லை.

தே.விடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி வுடு” என்றாள். பீரோ மேலிருந்து ஒல்லி மெஷினை இறக்கி, கிரேட்மேல் வைத்தாள். அடியில் இரண்டு ஓரமும் தீப்பெட்டி, காற்று போக. “பத்து நிமிசத்துக்கு ஒரு தபா நான் கைய வெச்சிப் பாப்பேன். சுட்டா நிறுத்திடணும். அந்தச் சூட்டோட இன்னா வருதோ அத செய்.”

அதுதான் ஒப்பந்தம். மெஷின் பெரிதாகப் போவதில்லை. தண்ணீர்தான் சின்னதாக வேண்டும்.

வெட்டினேன். வானம் முழுக்கத் தெரிந்த பிரதிபலிப்பை எடுத்தேன், 27. தூரத்து அலையை எடுத்தேன், 35. அதற்குமேல் எடுக்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் சும்மா கிடந்தேன்.

பிறகு யோசித்தேன். அந்தியில் படகில் வரும்போது உண்மையில் என்ன பார்ப்பேன்? ஏரி முழுவதையுமா? இல்லை. துடுப்பு விழும் இடம். படகு ஓரம் இரண்டு முழம். அதற்கப்பால் ஒரே ஈயத்தகடு, அங்கங்கே ஒரு கோடு. கண் அதற்குமேல் கேட்பதில்லை. படகைச் சுற்றி மட்டும் உயிருள்ள தண்ணீர். மற்றதெல்லாம் முன்பே வரைந்து ஒட்டிய தகடு. 52. கரைமர நிழலையும் ஒட்டினேன். 60.

தே. கையை வைத்தாள். “வெதவெதன்னு கீது. ஓட்டு.”

இருபது நிமிடம், 60, 60, 61, 60. நேற்றுப் பார்த்த தண்ணீர் இது இல்லை. அது போய்விட்டது. ஆனால் ஓடுகிறது.

நவம்பர் 10, திங்கள்

வீடியோ எடுத்தாயிற்று. சிக்னல் இல்லை. நைனா போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூங்கில் கழியில் கட்டிக் கூரைமேல் நட்டார். மதியம் ஒரு மணிக்கு அனுப்ப ஆரம்பித்தது. 5.40க்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டு மாற்றும்போது தே. முகத்தைப் பார்த்தேன். “கறுப்பா?” “ஓரத்துல கொஞ்சம்.”

நவம்பர் 13, வியாழன்

பொன்னேரி ஆஸ்பத்திரி போய் வந்தோம். வலது தொடையில் செத்த தோலை வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டுமாம். சென்னை, செவ்வாய் அட்மிஷன். மூன்று வாரம்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், ரேகா மேடம் போன்.

“உங்க வேலை பிடிச்சிருக்கு. அடுத்த செவ்வாய் ஆபீஸ் வந்து சேர முடியுமா? இங்க எல்லாம் பெரிய மெஷின்கள். வீட்டு லேப்டாப்ல இந்த ப்ராஜெக்ட் ஓடாது.”

செவ்வாய்.

இதுவரை அவரிடம் சொல்லாததைச் சொன்னேன். முதுகு, கட்டில், தொடை, ஆஸ்பத்திரி. “பெரிய மெஷின் அங்கயே இருக்கட்டும் மேடம். படம் மட்டும் நெட் வழியா என் திரைக்கு வந்தா போதும். நான் இங்கிருந்து ஓட்டுவேன்” என்றேன்.

“கேட்டுப் பார்க்கறேன். ஆனா செவ்வாய்க்கு ஆள் உட்காரணும்னு மேல சொல்லிட்டாங்க.”

தே. ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 15, சனி

ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளினால் என்ன என்று இரண்டு நாளாக அரித்தது. இன்று நானே கேட்டேன், “தள்ளிப் போடலாமா?”

“எங்கிட்ட இன்னாத்துக்குயா கேக்குற? நீ சொல்லு.” திரும்பி நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவேயில்லை.

ரேகா மேடத்துக்கு எழுதினேன்: செவ்வாய் வர முடியாது, ஆஸ்பத்திரி. இரண்டே வரி. அனுப்பிவிட்டுத் தலையணைக்குள் அழுதேன். மறைக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சென்னை. வார்டு. ஜன்னலில் வேப்பமரம். இன்றே ஆபரேஷன். வெறும் வயிறு, தாகம்.

ரேகா மேடத்தின் பதில். இடம் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. வருத்தம். கீழே இன்னொன்று: அவ்வளவு சின்ன மெஷினில் அந்தத் தண்ணீரை எப்படி அறுபதில் ஓட்டினீர்கள்? எங்கள் பையன்களுக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்புவீர்களா? உடம்பு தேறியதும் பேசுவோம்.

பேசுவோம் என்றால் என்ன? ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

நான் சொல்ல, தே. போனில் தட்டச்சு செய்தாள். படகைச் சுற்றி மட்டும் நிஜம், மற்றது தகடு. பாதியில் நிறுத்தினாள்.

“அன்னிக்கி நல்ல தண்ணிய எடுத்துட்டியே, வருத்தமா இல்ல உனக்கு?”

“இருக்கு.”

“அதையும் எழுதவா?”

எழுது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.