இஞ்சி கடைசியில் நின்றிருக்க வேண்டும்

ஜனவரி 9, 2025 – வியாழன்

வீட்டுக்கு வரும்போது ஏழரை. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் மட்டும் இருபத்தைந்து நிமிடம்.

மொட்டை மாடியில் என் நாய் இஞ்சியை நிற்கவைத்துப் பழக்கினேன். இப்போதெல்லாம் பல்லைப் பார்க்க உதட்டைத் தூக்கினால் முகத்தைத் திருப்புவதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள், பல் டாக்டரிடம் போன அப்பாவைப் போல.

நாய்க் கண்காட்சிக்கான நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். சிப்பிப்பாறை நாய்களில் பதினொன்று பதிவாகியிருக்கிறதாம். பின்பக்க விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். மருந்து அட்டையைக்கூட முழுதாகப் படிப்பவள் நான்.

ஜனவரி 12 – ஞாயிறு

இஞ்சிக்கு ஆரம்பித்துவிட்டது. போர்வையில் இரண்டு துளி. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, போக முடியாதோ?

முடியும். ஒன்பதாவது விதி: பருவத்தில் இருக்கும் பெண் நாயைக் காட்டத் தடையில்லை. நுழைவாயிலில் சொல்லிவிட வேண்டும். கூண்டைத் தள்ளி வைக்க வேண்டும். நடுவர் பார்க்கும் வளையத்துக்குள் போகும்வரை ஜட்டி. வரிசையில் கடைசி. அவ்வளவுதான்.

அப்பாவின் பழைய பனியனை வெட்டி, வாலுக்கு ஓட்டை வைத்து ஒரு ஜட்டி தைத்தேன். துவைத்துக் கொடியில் போட்டதும் அம்மா ஓடிவந்து அதன்மேல் துண்டை விரித்து மூடினாள்.

“அப்பா வர்ற நேரம்டி.”

“அம்மா, அது நாயோடது.”

“எதோடதா இருந்தா என்ன?”

சிரித்துவிட்டேன். மருந்துக் கடையில் நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தர வந்தால் “வேணாம், அப்படியே குடுங்க” என்று சொல்கிறவள் நான். கல்லூரி மலரில் இதைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். அம்மாவை நினைத்துச் சிரிப்பாக இருந்தது.

ஜனவரி 19 – ஞாயிறு

பக்கத்துக் கூண்டு நாய் சேது நடுவரைக் கடித்துவிட்டான்.

என்னால். என்னால்தான்.

வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஜனவரி 20 – திங்கள்

லீவு போட்டேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கேட்டில் கிருபாகரன் என்று பேட்ஜ் மாட்டிய ஆள், கையில் பட்டியல். எனக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள், ஆளுக்கொரு நாயோடு.

“பொட்டையா? பேரு இன்னா... இஞ்சியா? ஊட்ல டீக்கடை வச்சிகிறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே மூச்சில், அதே சத்தத்தில் கேட்டார்: “ஹீட்டு கீட்டு ஒண்ணும் இல்லியேம்மா?”

“இல்லை” என்றேன்.

யோசிக்கவே இல்லை. யாரோ என் வாய்க்குள்ளிருந்து சொன்ன மாதிரி வந்தது. ஆமாம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது! பட்டியலில் ஒரு குறி போட்டிருப்பார். கடைசியில் நின்றிருப்போம். எனக்கு ஒரு லாபமும் இல்லாத பொய். அதுதான் நம்ப முடியவில்லை.

பிறகு அந்தப் பொய்க்கு ஏற்றபடி மற்றதையும் செய்ய வேண்டியிருந்தது. கழிவறைப் பக்கம் ஒதுங்கி இஞ்சியின் ஜட்டியைக் கழற்றிப் பையின் அடியில் திணித்தேன். ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். கூண்டை எல்லோருடைய கூண்டுக்கும் நடுவில் வைத்தேன்.

பக்கத்துக் கூண்டு சேதுவுடையது. ஆறு வயது. அவனைக் கொண்டுவந்தவர் சம்பந்தம் சார், ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருப்பவர். நான் சீப்பை மறந்துவிட்டு வந்திருந்தேன். அவருடையதைத் தந்தார். “உன் பொண்ணு நடை நல்லா கீதும்மா, பயப்படாத” என்றார்.

ஆண்களில் சேது முதல். பெண்களில் இஞ்சி முதல். கடைசிச் சுற்றில் இருவரும் ஒன்றாக வளையத்துக்குள். எங்களை முன்னால் நிறுத்தினார்கள், சேது எங்களுக்குப் பின்னால். ஓடினோம். காற்று எங்களிடமிருந்து அவன் பக்கம் அடித்தது. திரும்பி நின்றபோது அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவர் குனிந்து பல்லைப் பார்க்க அவன் உதட்டைத் தூக்கினார். அந்தக் கை அவனுக்கும் இஞ்சிக்கும் நடுவில் இருந்தது.

வெள்ளைச் சட்டைக் கை சிவப்பானது. மூன்று தையல் என்று பிறகு சொன்னார்கள்.

சம்பந்தம் சார் நாயை அடிக்கவில்லை. மண்டியிட்டு அதன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “சேது கடிக்க மாட்டான் சார். சேது கடிக்க மாட்டான் சார்.” அதையே சொல்லிக்கொண்டிருந்தார், ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே.

பத்து நிமிடம் கழித்து, மிச்சமிருந்த இஞ்சிக்கு ரிப்பன் கட்டினார்கள்.

வாங்கிக்கொண்டேன். கை கொடுத்தேன். போட்டோவுக்கு நின்றேன்.

ஜனவரி 22 – புதன்

ரிப்பனைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அலமாரியைப் பார்த்தால் அது மட்டும்தான் தெரிகிறது.

ஜனவரி 25 – சனி

கண்காட்சிக் குழுவின் செயலாளர் ஏகாம்பரம் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். பிப்ரவரி இரண்டாம் தேதி விசாரணை. காரணமில்லாமல் கடித்ததாக முடிவானால் சேதுவின் பதிவு ரத்து.

கீழே சம்பந்தம் சாரின் குரல் பதிவு. யாரோ எடுத்த வீடியோ அவர்கள் குடியிருப்பு முழுக்கச் சுற்றிவிட்டது. குழந்தைகள் இருக்கிற இடத்தில் கடிநாய் கூடாது என்று பன்னிரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடிவைக் காட்டாவிட்டால் நாயை வெளியேற்ற வேண்டுமாம். “ஏன் கடிச்சான்னு அவனே வந்து சொல்ல முடியாதுல்ல சார்” என்று முடித்திருந்தார்.

ஏன் கடித்தான் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

ஜனவரி 26 – ஞாயிறு

தப்பு. நான் மட்டும் இல்லை.

ஆவடிக்குப் போனேன். குடியிருப்பில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேது வீட்டுக்குள், வாய்க்கூடு போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தான். என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். கேட்டில் கேட்டது, நான் இல்லை என்றது, எல்லாம். சம்பந்தம் சார் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“தெரியும்மா.”

“என்ன சார்?”

“உள்ள வரிசையா நின்னோமே, அப்ப பாத்தேன். விரிப்புல ஒரு சொட்டு. இவன் மூக்கு கீழ போவுது. பாக்கெட்ல தைலம் கீது. கொஞ்சம் மூக்குல தடவி உட்டா இவனுக்கு வாசனையே தெரியாது. கைய தூக்கி ஒரு வார்த்த சொல்லிருந்தா உங்கள கடைசில போட்டிருப்பாங்க.”

“ஏன் சார் சொல்லல?”

“எப்டிம்மா? அத்தினி ஆம்பளைங்க சுத்தி நின்னுகினு கீறாங்க. நீ வயசுப் பொண்ணு. நான் போயி அத வாயால... எப்டிம்மா?”

என்னைக் காப்பாற்றியிருக்கிறார். எதிலிருந்து?

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜெகதாம்பாள் கரண்டியோடு வந்தார்.

“வந்தது நாய்க்குத்தான? உனக்கா வந்துச்சு, அவருக்கா வந்துச்சு? ரெண்டு பேரும் வெக்கப்பட்டுகினு எம்புள்ளைய கடிநாய் ஆக்கிட்டீங்க. நல்லா கீதுய்யா உங்க மரியாத!”

கிளம்பும்போது சம்பந்தம் சார் கேட் வரை வந்தார். “அங்க வந்து எதுவும் சொல்லிக்கினு இருக்காதம்மா. உன் பேரு கெட்டுடும். நெமிலிச்சேரில மச்சான் ஊடு கீது, இவன அங்க உட்டுர்றேன்.”

அந்த மச்சான் வீட்டில் நாளெல்லாம் கட்டித்தான் போடுவார்களாம். ஜெகதாம்பாள் சொன்னார். ஓடுவதற்கென்றே பிறந்த நாய்.

பிப்ரவரி 1 – சனி

கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் “இயற்கையான உடல்நிலை”. இரண்டாவதில் “தவிர்க்க முடியாத சூழல்”. மூன்றாவதில் “அந்த நிலை”. எந்த நிலை? மூன்றையும் கிழித்தேன். அலுவலகத்தில் எனக்கு வேலையே தெளிவாக எழுதுவதுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எழுதிக் குடுத்துட்டு வந்துடேன். வாயால வேற சொல்லணுமா?”

சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வாயால்தானே இல்லை என்றேன்.

பிப்ரவரி 2 – ஞாயிறு

காட்டுப்பாக்கத்தில் ஒரு மாடி அறை. மேசைக்குப் பின்னால் ஐந்து ஆண்கள். ஓரத்தில் பட்டியலோடு கிருபாகரன். எதிரில் சம்பந்தம் சார், சலவைச் சட்டையில். அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார், “ஒரு மீட்டிங்” என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“அன்னிக்கு இஞ்சி ஹீட்ல இருந்தா. எட்டாவது நாள். கேட்ல கேட்டாங்க, இல்லன்னு பொய் சொன்னேன். ஜட்டிய கழட்டி மறைச்சேன். சேது கடிச்சதுக்குக் காரணம் நான்தான்.”

ஐந்து வாக்கியம். அவ்வளவுதான் இருந்தது.

ஏகாம்பரம் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார். கிருபாகரன் மட்டும் துள்ளி எழுந்தார்: “நான் கேட்டேன் சார்! இல்லன்னு எழுதி வச்சிகினு கீறேன், பாருங்க!”

“உக்காருய்யா” என்றார் ஏகாம்பரம். என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி: “இத்தன பேர் முன்னாடி சொல்லணுமாம்மா? எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாமே.”

“போன்னா திரும்பவும் இல்லன்னு சொல்லிருப்பேன் சார்.”

ரிப்பனை மேசைமேல் வைத்தேன். அடுத்து சம்பந்தம் சார் எழுந்தார். “விரிப்புல நானும் பாத்தேங்க. பாத்துட்டு வாய மூடிகினு இருந்தேன். அதையும் எழுதிக்கங்க.”

வெளியே வரத் திரும்பினால் கதவருகில் அப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறார்?

கரையான்சாவடி சிக்னல். சிவப்பில் நின்றபோது, அப்பா திரும்பாமலே கேட்டார்: “எத்தன நாள் இருக்கும் அது?”

“மூணு வாரம்பா.”

“கீழ் வீட்ல ஒரு ஆண் நாய் இருக்கே. அவங்ககிட்ட சொன்னியா?”

சொல்லவில்லை. அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16 – ஞாயிறு

முடிவு வந்தது. இஞ்சியின் வெற்றி ரத்து. நான் ஓராண்டு எந்தக் கண்காட்சிக்கும் வரக்கூடாது. சேதுவின் பதிவு தப்பியது, கடித்தது தூண்டுதலால் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடித்தது கடித்ததுதான்: அவனுக்கும் ஓராண்டு தடை, வெளியே போனால் வாய்க்கூடு.

சம்பந்தம் சாருக்குப் போன் செய்தேன். கடிதத்தைக் குடியிருப்பு அலுவலகத்தில் காட்டிவிட்டார். சேது வீட்டிலேயே இருக்கலாம். “ஆனா ஒரு வருசம் கழிச்சா ஏழு வயசு தாண்டிடும்மா. அந்த மைதானம் அவனுக்கு முடிஞ்சிது.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 9 – ஞாயிறு

ஏரிக்கரையில் சம்பந்தம் சாரைப் பார்த்தேன். சேது வாய்க்கூட்டோடு. இஞ்சி அந்தக் கூட்டை நக்கிப் பார்த்தாள். இனி ஞாயிறுகளில் ஒன்றாக நடக்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 23 – சனி

காலையில் இஞ்சியின் போர்வையில் மூன்று துளி.

கீழ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்தபடியே போன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், அப்பா பேப்பரில் இருந்தார்.

“சார், இஞ்சி ஹீட்ல இருக்கா. நாளைக்கு ஏரிக்கரைக்கு நாங்க வரல. மூணு வாரம் கழிச்சுதான்.”

“அப்டியாம்மா? சரி, சரி. சேது கிட்ட சொல்லிர்றேன்.”

பின்னாலிருந்து ஜெகதாம்பாள்: “இப்ப மட்டும் வாய் வருது ரெண்டு பேருக்கும்!”

பனியன் ஜட்டியைத் துவைத்து, பக்கெட்டில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அது கொடியில், அப்பாவின் ஆபீஸ் சட்டைக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே துண்டு இல்லை. இரண்டு கிளிப் போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு துணிக்கு இரண்டு கிளிப் போடுகிற ஆள் அப்பா மட்டும்தான்.