வலது செருப்பின் தேய்மானம்

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

உன் வண்டியின் ஆய்வுத் தாள்கள் இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. முதல் தாள் நவம்பர் 10, திங்கட்கிழமை தரப்பட்டது. அதன் வலது ஓரத்தில் மெக்கானிக் பாயின் கட்டைவிரல் எண்ணெயோடு பதிந்திருக்கிறது. இன்று காலை கோப்பில் சேர்ப்பதற்காக எடுத்தபோது, ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகியும் பெட்ரோலும் பழைய எண்ணெயும் கலந்த அந்த வாடை தாளை விட்டுப் போயிருக்கவில்லை. மாலை நேரங்களில் நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் புடவை மடிப்பிலிருந்து வந்த அதே வாடை. கோப்பை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வருகிற தை பதினொன்றாம் நாளோடு நீ போய் இரண்டு ஆண்டு நிறைகிறது. இவ்வளவு நாளும் மொபெட் பின்கட்டில் துணி போர்த்தி நின்றது. பதிவுக் காலம் முடிய இன்னும் சில வாரங்களே இருப்பதை நான்தான் வீட்டில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த நம் மருமகள், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். அங்கன்வாடியில் அவளுக்கு வேலை கிடைத்திருப்பது உனக்குத் தெரியாது. பாப்பாரப்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர். பேருந்து தன் விருப்பத்துக்கு வருகிறது.

"மாமா, அத்தை வண்டி சும்மாதான நிக்குது? எஃப்.சி. ஆச்சுன்னா நான் சென்டருக்கு எடுத்துட்டுப் போறனுங்க."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா காயலாங்கடைதான். நம்மூட்ல நின்னு துருப்பிடிக்கறதுக்கு அங்கயாச்சும் நாலு வண்டிகூட நிக்கட்டும்."

உன் வண்டியைக் காயலாங்கடைத் தராசில் ஏற்றும் காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனவே ஆய்வுக்கு ஏற்பாடு செய்தேன்.

வண்டியைப் பற்றி எனக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்தவன் நான். ஒரு தேதி பிசகினால் ஒரு பத்திரமே செல்லாமல் போகும் என்ற பயத்தில் வளர்ந்த பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன் என்று நீ சொல்வாய். உன் வண்டிக்கென நான் வைத்திருந்த நோட்டை உனக்கு நினைவிருக்கும். பிளக் மாற்றிய நாள், செயின் இறுக்கிய நாள், காலையில் எத்தனை மிதியில் இன்ஜின் உயிர் பெற்றது என்பதுவரை அதில் இருக்கிறது. கார்த்திகை மழையில்கூடப் பன்னிரண்டு மிதியைத் தாண்டியதில்லை. தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்ற நர்சம்மா உன்னை அந்த வண்டி ஒரு நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை. அதற்குக் காரணம் நான் என்று உள்ளூர நம்பியிருந்தேன்.

ஏனென்றால், மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் எண்ணெய் விட்டேன். நீண்ட மூக்குள்ள அந்த எண்ணெய்க் குப்பியோடு குந்தி உட்கார்ந்து செயின், பெடல், ஸ்டாண்டு, கம்பிகள், இரண்டு சக்கரங்களிலும் பிரேக் கை திரும்பும் இடம் என்று வரிசை மாறாமல் விடுவேன். ஓர் இடத்துக்கு மூன்று சொட்டு. நீ தேநீர் டம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

"போதுமுங்க, வண்டி எண்ணெ தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்குது."

"உராயற எடத்துலயெல்லாம் எண்ணெ இருக்கணும். அதுதான் முறை."

நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 10 அன்று காலை பாய் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து தருமபுரிக்குப் போனேன். உனக்குப் பின்னால் உட்கார்ந்த அதே நிலையில்தான் போனேன். வண்டி ஓட்ட நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. வழியில் இரண்டு இடத்தில் பாய் காலைத் தரையில் ஊன்றி வேகத்தைக் குறைத்தார். "என்ன பாய்?" என்றேன். "ஒண்ணுமில்ல சார்" என்றார்.

ஆய்வு மைதானத்தில் சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார்கள். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. புகை அளவுக்குள் இருந்தது. இன்ஜின் ஐந்தாவது மிதியில் கிளம்பியது. அதை ஆய்வாளரிடம் நானே சொன்னேன். நம் பக்கத்தில் அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஏன் அழைக்கிறார்கள் என்பது அடுத்த நிமிடம் விளங்கியது. சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தச் சொன்னார். பாய் இரண்டு பிரேக்கையும் பிடித்தார். வண்டி கோட்டைத் தாண்டி, ஆய்வாளரின் மேசையையும் தாண்டி, வேப்பமரத்தடியில் போய் நின்றது.

"பெரியவரே, இன்ஜின் நல்லாத்தான் இருக்குது. நிக்க மாட்டேங்குதே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாளில் எல்லா வரிக்கும் 'சரி'. பிரேக் என்ற வரிக்கு மட்டும் 'சரியில்லை'. ஒரு வாரத்தில் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்.

அன்று பிற்பகலே பாய் கடையில் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிரேக் ஷூ இரண்டும் கறுத்து, ஊறுகாய்த் துண்டு போல எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

"சார், பிரேக் கையில எண்ணெ வுட்டது நீங்கதான?"

"நான்தான். மாசம் ஒண்ணாம் தேதி, மூணு சொட்டு."

"வெளிய வுட்டா உள்ள எறங்கிரும் சார். உராயணும்னுதான அத வெச்சிருக்காங்க? அதுல போயி எண்ணெய வுட்டா எப்பிடிப் புடிக்கும்?"

அவர் ஷூவைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. கழுவி, உப்புத்தாள்ல தேச்சுக் குடுப்பேன். 'சார்கிட்ட சொல்லிரலாமுங்களே'ன்னு நானும் கேட்டேன். 'வேணாம் பாய். கல்யாணமான புதுசுல அவுரு எழுதுன தேதி ஒண்ணு தப்புன்னு சொன்னேன். ரெண்டு நாள் சோறு திங்கல. இத சொன்னா அந்தக் குப்பியவே தூக்கிப் போட்டுருவாரு. எனக்காவ அவுரு தரையில குந்தறது அந்த ஒரு நாள்தான்'னு சிரிச்சாங்க."

இரண்டு நாள் இல்லை, ஒன்றரை நாள். ஆனால் தேதி தவறு என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். என் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது. 'வத்தல்மலைக்கு வண்டி கொண்டுபோகவில்லை. இழுவை போதாது எனத் தெரிகிறது' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அன்று நீ சொன்னது அதுவன்று. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போனதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "ஏறிருமுங்க. எறங்கறதுக்குத்தான் யோசனை" என்றாய். நான் என் விருப்பப்படி எழுதிக்கொண்டேன்.

அடுத்து செருப்பு. உன் வலது செருப்பு மட்டும் குதிகாலில் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்துவிடும். இடது செருப்பு புதிதாகவே இருக்கும். ஆண்டுக்கு மூன்று ஜோடி.

"உன் நடையிலதான் கோணல் இருக்குது" என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

"ஆமாங்க. கோணல் இல்லாம இருந்திருந்தா நேரா வேற வூட்டுக்குப் போயிருப்பேன்."

நான் அதை நகைச்சுவை என்று நினைத்தேன். மூன்று மாதக் கெடுவின் கடைசி வாரங்களில், இறக்கத்திலும் முனைகளிலும் நீ காலால் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாய். பின்னால் தடுப்பூசிப் பெட்டி. சில நாள் அதற்குப் பதிலாக நான். எனக்கு அடிபடாமல் போனதற்கு உன் வலது குதிகாலே காரணம். உனக்கு அடிபடாமல் போனதற்குக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதை நினைத்து அன்று இரவுச் சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். மருமகள் கேட்டதற்குப் பசியில்லை என்றேன்.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வண்டியில் அவள் ஏறப்போகிறாள். சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அத்தைக்கு ரொம்பப் பொறுமைங்க மாமா. எனக்கு அவ்வளவு கிடையாது. புடிக்கலைன்னா அன்னைக்கே கத்துவேன்" என்றாள்.

"கத்து" என்றேன்.

நவம்பர் 17, திங்கட்கிழமை, புது ஷூவோடு அதே மைதானத்துக்குப் போனோம். பாய் பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நின்றது. பின்னால் இருந்த நான் அவர் முதுகில் மோதி என் கண்ணாடி கோணிக்கொண்டது. ஆய்வாளர் என்னை அடையாளம் கண்டு, "இப்ப நிக்குது பெரியவரே!" என்றார். வண்டிக்கு இன்னும் ஐந்தாண்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தாளில் எல்லா வரிக்கும் 'சரி'. யாருடைய விரலும் அதில் படவில்லை. எனக்கு முதல் தாள்தான் உயர்வாகத் தோன்றுகிறது.

இந்த மாதம் ஒன்றாம் தேதியும் திங்கட்கிழமைதான் வந்தது. குப்பியை எடுத்துக்கொண்டு குந்தினேன். செயின், பெடல், ஸ்டாண்டு, கம்பிகள். பிரேக் கை வந்ததும், வரிசை பழகிய கை தானாகச் சாய்ந்தது. இடது கையால் குப்பியின் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்று சொட்டும் என் விரல் இடுக்கில் இறங்கின. பக்கத்தில் டம்ளரோடு யாரும் நிற்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

மருமகள் வேலை முடிந்து உன் வண்டியில் நாலே முக்காலுக்கு வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் நான் போய் வலது செருப்பைத் திருப்பிப் பார்க்கிறேன். பிறகு இடதை. முந்தாநாள் பார்த்துவிட்டாள்.

"செருப்புல என்னங்க மாமா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று இரண்டையும் ஒன்றுபோல் வைத்தேன்.

நோட்டில் இப்போது புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். நேற்றைய தேதிவரை, இடதும் வலதும் சமம்.