குவைத்துக்கு எதற்கு ஸ்வெட்டர்?

முருகேசன் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் வெயிலா குளிரா, எனக்குத் தெரியாது. இங்கே மார்கழி. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை, சண்டை போடத்தான் எழுதுகிறேன். பிரியம் இல்லாமல் இல்லை. பிரியம் இருக்கப்போய்த்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

உங்கள் மகன் இன்றைக்குக் காலையில் மதுரை பஸ்சில் ஏறிவிட்டான். பம்பாய் வரைக்கும் ரயில், அங்கிருந்து பிளேன், குவைத்தில் டிரைவர் வேலை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஓட்டிய பயல் கடல் தாண்டிப் போகிறான் என்று தெருவே வாசலில் வந்து நின்றது. கோடி வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருக்கிறார்கள், சிலோன் படம் தெரிகிறதாம். அதைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஏன் என்று கேளுங்கள். நீங்கள் போன பிறகு மேட்டுக்கு, அந்த ஏலமலைக்கு, வேலைக்குப் போய்வருகிற சிலமலை ஊர்க்காரி ஒருத்தி என் காதைக் கடித்தாள். "எக்கா, ஒம் மகன் ஜீப்பு எந்நேரமும் மேட்டு ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுச்சாம். மலையாளத்து நர்சு ஒருத்தி இருக்காளாம். சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள. பாத்து நடந்துக்க." எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன். அவனும் மலையிலேயே தங்கிவிட்டால் நான் யாருக்குச் சோறு பொங்குவேன்?

அதனால்தான் காதர் பாயின் கமிஷன் கடைக்குப் போனேன். அவர் தம்பி குவைத்தில் இருக்கிறாரே. "அண்ணே, இவனை எப்பிடியாச்சும் அனுப்பி விடுங்க, கொஞ்ச நாள் கண்காணாம இருக்கட்டும்" என்று கும்பிட்டேன். கடல் தாண்டிப் போனால் அந்தப் பெண்ணை மறந்துவிடுவான் என்பது என் கணக்கு.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னபோதே எனக்கு இடித்தது. ஒரு குடம் தண்ணீர் எடுக்கச் சொன்னாலும் ஊர் நியாயம் பேசுகிறவன், குவைத்து என்றதும் "சரித்தா" என்று விட்டான். எந்த வேலை, எத்தனை வருசம், ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டான். நீங்களாக இருந்தால் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டிருப்பீர்கள். நான் அப்படிப்பட்டவளா?

விசா வந்தது. பெட்டி வாங்கினான். பாலைவனம் ஆச்சே, உடம்பு வெந்துபோகுமே என்று நான் மெல்லிசான துணி எடுத்து அரைக்கைச் சட்டை நாலு தைத்து வைத்தேன். அவன் கடைக்குப் போயிருந்த நேரம் அதையெல்லாம் அடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், உள்ளே ஸ்வெட்டர்! ஒன்றுக்கு இரண்டு! மப்ளர் வேறு, காதை மூடுகிற குல்லா வேறு.

நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் ஒருத்தன் ஸ்வெட்டர் எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? மேட்டுக்குப் போகிறான் என்றுதானே? அத்தனை வருசம் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக நீங்கள் திங்கட்கிழமை தோறும் அப்படித்தானே போனீர்கள்? குவைத்தும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, போடிமெட்டு வளைவு ஏறி அவளிடம் போய் உட்காரப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வந்ததும் கேட்டேன். "டேய், யாராச்சும் அரபு நாட்டுக்குக் கம்பளி கொண்டு போவாகளா? யார்கிட்ட கதை விடுற?"

"அங்கயும் இப்ப குளிருத்தா. பல்லு கிட்டுமாம்."

"ஒட்டகம் மேயிற ஊர்ல குளிருதாக்கும்! ஏன்டா, ஐஸ் மழையும் பெய்யுமோ?"

"நம்பாட்டி பாய்கிட்ட கேளு" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போனேன். பாய் ஏலக்காயைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, "ஆமா தங்கச்சி, மார்கழி தையில அங்க வாடைக்காத்து எலும்பத் தொளைக்கும். ஸ்வெட்டர் இல்லாமப் போனா பய காச்சல்ல படுத்துருவான். கைலியோட கடைத்தெருவுக்குப் போக வேணாம்னு சொல்லுங்க, முழுக்கைச் சட்டையா எடுத்து வைங்க. சாமி படம் வச்சா மடிச்சு உள்ள வச்சிருங்க" என்றார். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததே எனக்குச் சந்தேகம். இவரும் அவனும் சேர்ந்து பேசி வைத்திருப்பார்களோ? பாய் சிரித்த சிரிப்பும் சரியில்லை. வீட்டுக்கு வந்து அவனிடம் டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன், காட்டினான். இங்கிலீஷில் இருந்தது. அதில் பம்பாய் என்று இருக்கிறதா, மூணாறு என்று இருக்கிறதா, நான் என்னத்தைக் கண்டேன்?

நேற்று மத்தியானம் பெட்டியைக் கடைசியாக அடுக்கினோம். பெல்ட்டை மறந்துவிட்டேன் என்று அவன் உள்ளே போனான். நான் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். மாட்டியது. மெரூன் கலர், முன்பக்கம் பட்டன், சின்ன அளவு. பொம்பளை ஸ்வெட்டர்.

நடுவீட்டில் உட்கார்ந்து கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "இதையும் நீதான் போடப் போறியாடா? மேட்டுக்குப் போறவன் நேராச் சொல்லிட்டுப் போ! எதுக்கு என்னைக் கிறுக்கச்சி ஆக்குற?"

அவன் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அவ மேட்டுல இல்லத்தா. குவைத்துலதான் இருக்கா. ஆஸ்பத்திரி வேலை கெடச்சு சித்திரையிலயே போயிட்டா. லீலாம்மான்னு பேரு."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? நானே பாயைக் கும்பிட்டு, நானே விசா வாங்கி, நானே முறுக்குச் சுட்டு, நேரே அவளிடமே அனுப்பி வைக்கிறேன்! அதனால்தான் அந்தச் "சரித்தா". நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அடுத்த இடியைப் போட்டான்.

"இது அப்பா வாங்கிக் குடுத்ததுத்தா. அவ எல்லாரையும் மாதிரி அங்க வெயில்தான்னு நெனச்சு, குவார்ட்டர்ஸ்லயே வச்சிட்டுப் போயிட்டா. இப்ப நடுங்குறாளாம். கொண்டா கொண்டான்னு எழுதிக்கிட்டே இருக்கா."

அப்பா வாங்கிக் கொடுத்தது!

போன வருசம் ஐப்பசி மழையில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்து, மேட்டு ரோட்டில் மண் சரிந்து, நான் கீழேயும் நீங்கள் மேலே ஆஸ்பத்திரியிலும் கிடந்தோமே, அப்போது ராவும் பகலும் பார்த்துக்கொண்டது அவள்தானாம். உங்களை அப்பச்சன் என்று, அவர்கள் பாசையில் அப்பா என்று, கூப்பிடுவாளாம். உங்கள் கால் சில்லிட்டுக் கிடந்தது என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டு, வெறும் நர்சு உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்றாளாம். ரோடு சரியாகி இறங்கி வருகிற வழியில் நீங்கள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கடையில் இதை வாங்கி, திரும்ப ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னீர்களாம். "மருமகளா வரப்போற புள்ள குளிர்ல நிக்கக் கூடாதுடா. ஒங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றும் சொன்னீர்களாம்.

எப்போது பேசினீர்கள் என்னிடம்? இறங்கி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இந்த வீட்டில் இருந்தீர்கள். ஓடு மாற்ற வேண்டும் என்று சொன்னீர்கள். ரசத்தில் உப்பு கம்மி என்று சொன்னீர்கள். அடுத்த வீட்டு நாய்க்குச் சொறி பிடித்ததைச் சொன்னீர்கள். இதைச் சொல்ல ஒரு நேரம் கிடைக்கவில்லையா? என்னைக் கண்டு பயமா? நான் கத்துவேன்தான். கத்திவிட்டு என்றைக்காவது உங்கள் பேச்சைத் தட்டியிருக்கிறேனா?

இன்னொன்றும் கேட்பேன். அத்தனை வருசத்தில் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? போடி வெக்கையில் எதற்கு என்பீர்கள். ஒரு மார்கழிக்கு மேலே கூட்டிப் போயிருந்தால் எனக்கும் குளிர்ந்திருக்கும். பொறாமைதான். வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

"நீ வேண்டாம்னா வச்சிட்டுப் போறேன்" என்றான் உங்கள் மகன். ஸ்வெட்டரை எடுத்து என் மடியில் வைத்தான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அவன் உங்கள் காரியத்துக்குப் பிறகு நேற்றுத்தான் என் முன்னால் அழுதான்.

நான் அதை உதறி, கையை உள்ளே மடித்து, பட்டனைப் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ, உங்கள் காலுக்காகக் குளிரில் நின்றிருக்கிறது. அதற்கு மேல் என்னால் முறுக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவள் கோயிலுக்கு வருவாளா, இவனைச் சர்ச்சுக்கு இழுப்பாளா, மீன் குழம்பில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவாளா, என் வீட்டில் வந்து இருப்பாளா, ஒன்றும் தெரியவில்லை. விசாரிக்காமல் விட மாட்டேன்.

ஆனால் வாக்கு கொடுக்கிறேன். தை பிறந்ததும் வெற்றிலை பாக்கோடு மேட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் விசாரித்து, அவள் அப்பன் வீட்டு வாசலில் நின்று பெண் கேட்பேன். நீங்கள் செய்திருக்க வேண்டிய சோலி, நான் செய்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா எப்படிப்பட்டவர் என்று அவர்கள் கேட்டால், நல்ல மனுசன் என்று சொல்லுவேன். அது ஒன்றில் மட்டும் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

நீங்கள் சொல்லாமலே விட்டுப்போன சேதியை இப்போது சுமக்கிற,
உங்கள் பெண்டாட்டி,
லீலாம்மாவுக்கு மாமியார்.